இரண்டு விரற்கடை

எங்கள் வீட்டில் இந்த மழைக்காலம் முழுக்க ஓடிய சண்டை இரண்டு விரற்கடை உயரத்தைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். சொத்துச் சண்டை, நாத்தனார் சண்டை எல்லாம் மற்ற வீடுகளில். என் வீட்டில், சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஷாக் அப்சர்வர் வைக்கலாமா, வைத்தால் அது இரண்டு விரற்கடை அமுங்குவதில் மனிதனுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்பதுதான் காலை ஜெபத்துக்கும் ராத்திரிச் சோற்றுக்கும் நடுவில் இருந்த ஒரே பேச்சு.

என் பெயர் ஃபெமினா. என் வீட்டுக்காரர் டெனிஸ், கொடைக்கானலுக்கு வருகிற டூரிஸ்டுகளைச் சைக்கிளில் கூட்டிப்போகிறவர். ஏரியைச் சுற்ற வாடகைக்கு விடுகிற சைக்கிள் இல்லை; அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பெருமாள்மலையைத் தாண்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாக, காப்பித் தோட்டத்து மண்பாதைகளில் இறங்கிப் பெரும்பாறை வரை போகிற சவாரி. இறங்குவது சைக்கிளில், திரும்பி ஏறுவது ஜீப்பில். ஜீப்பை ஓட்டுகிறவன் என் தம்பி பென்சன். போனில் புக்கிங் எடுப்பதும், மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதும், கூடத்தில் தொங்குகிற டயர்களுக்குக் கீழே குனிந்து குனிந்து நடப்பதும் என் வேலை.

அவர் ஓட்டுவதற்குக் கிராவல் சைக்கிள் என்று பெயர். ஹேண்டில்பார் கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும், டயர் மட்டும் தடிமன். தார்ரோட்டிலும் வேகமாகப் போகுமாம், ஜல்லியிலும் போகுமாம். என் கண்ணுக்கு அது ரெண்டுங்கெட்டான். அதைத் துடைத்த எண்ணெய்த் துணி என் பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடக்கும். சவாரி முடிந்து கழற்றிப் போடும் கையுறைகளின் வாடைக்கு, கட்டிலுக்கடியில் எலி செத்துவிட்டதோ என்று ஒருமுறை தேடியிருக்கிறேன். டூரிஸ்டுகள் தெம்புக்கு உறிஞ்சிவிட்டுத் தருகிற இனிப்பு ஜெல் பாக்கெட்டுகளை ரோட்டில் போடக்கூடாது என்று வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தப் பைக்குள் கையை விட்டுக் கழுவுகிறவள் நான். அடுத்தவன் எச்சில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். எனக்குச் சைக்கிள் என்றாலே குமட்டும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஷாக் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பழனிக்காரர் தண்டாயுதபாணி. அடிவாரத்தில் விபூதி, பஞ்சாமிர்தம் விற்கிற கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை ஆனால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காருக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்துவிடுவார். சைக்கிள் ஓட்டுவதற்குக் காரில் வருகிற பக்தர். அவர் சைக்கிளில்தான் முதன்முதலாக அந்தக் குட்டை ஷாக்கைப் பார்த்தோம். அவரும் என் வீட்டுக்காரரும் என் டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுவார்கள்.

டெனிஸுக்கு அது ஒரு வீண்சுமை. பெரிய பள்ளத்தை இந்த இரண்டு விரற்கடையால் விழுங்க முடியாது, நல்ல ரோட்டில் அது இருப்பதே தெரியாது, அப்புறம் எதற்கு என்பார். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் அதே சொகுசு சும்மா கிடைக்கும். இந்த மழையிலும் சேற்றிலும் உள்ளே எண்ணெய் கசிந்தால் அதைப் பிரித்துப் பார்க்கக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். தண்டாயுதபாணி விடமாட்டார். பள்ளத்துக்கு இல்லைங்க, நடுக்கத்துக்கு என்பார். ஜல்லிமேல் போகும்போது உள்ளங்கைக்குள் இரைந்துகொண்டே இருக்குமே, அந்தச் சின்ன அதிர்வை இது வாங்கிக்கொள்ளும், சாயங்காலம் கை மரத்துப்போகாது. இருவரும் அவரவர் சொன்னதையே திரும்பச் சொல்லுவார்கள். டீத் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுத்த தடவைக்குத் தண்ணீரும் வைத்திருப்பேன். பேச்சு நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் டெனிஸ் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தார். ரசஞ்சோற்றை ஸ்பூனால். கருவாட்டுக் குழம்பை ஸ்பூனால். டூரிஸ்டுகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டது என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். என் வீட்டுக்காரர் என் கண் முன்னால், தட்டிலேயே அதைச் செய்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். நேரமாகிறது என்று நான் போய்ப் பார்த்தால், வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பொத்தானுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கின்றன. கிள்ளினேன். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பதியக் கிள்ளினேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டார்.

சைக்கிளில் முன் பிரேக் வலது கையில் இருக்கிறது. தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறைக்கு இறங்குகிற பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சுவரும் இல்லை, காப்பிச்செடி மட்டும் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். அந்த இறக்கத்தில், உணர்ச்சியில்லாத விரல்களோடு, பின்னால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இந்த மனிதர் எத்தனை நாளாகப் போய்வந்தாரோ. பயமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. பூசையில் எனக்கு ஒரு வாசகமும் காதில் ஏறவில்லை.

திண்டுக்கல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்கான அதிர்வில் உள்ளங்கை அடியில் நரம்பு நசுங்குகிறது என்றார். அதிர்வைக் குறைத்தால் உணர்ச்சி திரும்பும். குறைக்காமல் இப்படியே ஓட்டினால் அந்த இரண்டு விரலும் ஒப்புக்குத்தான் இருக்கும், அப்புறம் சைக்கிளைத் தொட வேண்டாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் டெனிஸ் அந்த இரண்டு விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு வேறு தொழில் தெரியாது என்பதில்லை. வேறு எதிலும் அவர் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் குமட்டுகிற அந்தச் சைக்கிளை இந்த மனிதருக்குக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குப் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன்.

தண்டாயுதபாணி தன் சைக்கிளுக்கு அதே ஷாக்கில் புதுசு வாங்கியிருந்தார். பழையதை எனக்குக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். டெனிஸ் அதைச் செத்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டாக்டர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டார். பென்சன்தான் பழைய ஃபோர்க்கைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு இதைப் பூட்டினான். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான் ஸ்பிரிங், அதற்கென்று ஒரு குட்டிப் பம்ப் இருக்கிறது என்று எனக்குக் காட்டினான். மச்சானுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

வாரங்கள் போயின. கை தேறவில்லை. ஸ்பூன் தட்டைவிட்டு நகரவில்லை. நான் கவலையில் இளைத்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. தான் சொன்னது சரியாகப் போய்விட்டதாம். கை போனாலும் போகட்டும், பேச்சில் ஜெயித்தால் போதும் என்று சந்தோஷப்படுகிற ஒருவரோடு ஒரே கட்டிலில் படுப்பது எவ்வளவு அருவருப்பான காரியம் என்று மற்றப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும். தண்டாயுதபாணி அந்தச் சனிக்கிழமை வந்தபோது இவரே கூப்பிட்டு அவர் போனில் வீடியோ பிடிக்கச் சொல்லிப் பேட்டி கொடுத்தார். சைக்கிளைச் சாய்த்து வைத்து, மரத்துப்போன கையாலேயே அதைத் தட்டிக்காட்டி, "இது இருக்குறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். வெறும் பித்தலாட்டம்" என்றார்.

பழனிக்காரர் அந்த வீடியோவுக்கு முன்னும் பின்னும் நாதஸ்வரம் சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். வத்தலக்குண்டு முதல் ஒட்டன்சத்திரம் வரை சைக்கிள் ஓட்டுகிறவன், ஓட்டாதவன் எல்லோரும் பார்த்தார்கள். கோயில் வாசலில் பாட்டுக்குழுப் பையன்கள் இவரைக் கண்டால் "பித்தலாட்டம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் அடுப்படியிலிருந்து சொன்னது அவர் காதில் விழவில்லை.

அதற்கு அடுத்த தடவை சவாரி முடிந்து, தண்டாயுதபாணி கார் நிற்கிற இடத்துக்குக் கிளம்பும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். முன்பக்கம் லேசாக இறங்கியது. வாசலில் இருக்கிற கல்லைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் அமுங்கி எழுந்தது, மூச்சு விடுகிற மாதிரி. அன்று காலையில் டெனிஸ் அதே கல்லைத் தாண்டிப் போனதையும் நான் பார்த்திருந்தேன். அவர் சைக்கிள் கல்லில் ஏறிக் கல்லில் விழுந்தது. உள்ளே போய் டெனிஸ் சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்தினேன். நெஞ்சை வைத்து அழுத்தினேன். வேலிக்கல்லை அழுத்தினால்கூடக் கொஞ்சம் அசையும். இது அசையவில்லை.

பென்சனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, பழனிக்காரரோடது அமுங்குது. நம்மளது ஏன்லே அமுங்கல?"

அவன் சிரித்தான். பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். "நான் அமுங்க விடுவேனாக்கா?"

என் தம்பியின் மூளையைப் புரிந்துகொள்ளத் தாண்டிக்குடி ஜீப்புகளைத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றுலாவுக்கு வருவதற்கு முன் அவன் அங்கேதான் ஓட்டினான். காப்பி மூட்டை, மிளகு மூட்டை, ஆரஞ்சுக் கூடை, அதன்மேல் ஆள், ஆளின்மேல் ஆள். அங்கே புது ஜீப் வாங்கினால் சாமியாரிடம் தீர்த்தம் தெளிக்கக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே பட்டறைக்குக் கொண்டுபோய், பின்னால் ஸ்பிரிங் பட்டை இரண்டு மூன்று கூட ஏற்றிவிடுவார்கள். பாரம் ஏற்றினாலும் வண்டி உட்காரக்கூடாது. உட்கார்ந்துவிட்டால் அது ஜீப் இல்லை, மானக்கேடு. வண்டி உட்கார்ந்துபோனவனுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். அந்த ஊரில் பழகிய பயல், சைக்கிள் ஷாக்குக்கும் அதையே செய்திருக்கிறான். பம்ப் முள் அதற்குமேல் போகாது என்கிற வரைக்கும் காற்றை ஏற்றி வைத்திருக்கிறான். மச்சான் ஏறி உட்கார்ந்தால் ஓர் இம்மி இறங்காது என்று பெருமையாகச் சொன்னான்.

அமுங்குவதற்காகவே செய்த ஒரு சாமானை அமுங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அது அமுங்குவதில் பிரயோசனமில்லை என்று என் வீட்டுக்காரர் ஊருக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குனிந்து ஒருமுறை பார்த்தாரா? மாட்டார். பிடிக்காத சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் வருகிறவர்கள் மாதிரி, அந்த ஷாக்கை ஒரு நாள் தொட்டுப் பார்க்கவில்லை. மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், மோசமாக இருந்தது, திருப்தியாகிவிட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளையும் நினைக்க நினைக்க எனக்கு நாக்கில் கசப்பு ஊறியது.

பழனிக்காரருடையது இறங்குகிற அளவுக்கு இதுவும் இறங்க வேண்டும் என்று சொல்லி, பென்சனையே காற்றை இறக்க வைத்தேன். அவன் முகம், யாரோ அவன் ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையை உருவுகிற மாதிரி இருந்தது. "இறக்கத்துல மூக்கைக் குத்திக் கவுந்துருவாருக்கா" என்று முனகினான். நான் காதில் வாங்கவில்லை. மச்சானிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாதஸ்வரத்தோடு தீர்ப்புச் சொன்னவர், காற்றை மாற்றிய பிறகு திரும்பவும் ஓட்டிப் பார்ப்பாரா? சுவரில் மாட்டியிருக்கிற பழைய ஃபோர்க்கை எடுத்துப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்.

அவருக்கு ஒன்றும் தெரியாமலே சவாரிகள் நடந்தன. மூன்றாவதோ நான்காவதோ சனிக்கிழமை, பண்ணைக்காட்டுப் பக்கத்துத் தோட்டப் பாதைகளைச் சுற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நான் ஸ்பூனை எடுக்கத் திரும்பி, எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், அவர் கையால் பிசைந்துகொண்டிருந்தார். டிவியைப் பார்த்துக்கொண்டே, தன் கை என்ன செய்கிறது என்று தெரியாமலே, ஐந்து விரலும் சேர்த்துப் பிசைந்து உருட்டி வாயில் போட்டார். ஒரு பருக்கை கீழே விழவில்லை. கடைசியில் சுண்டுவிரலை நக்கினார். மற்ற நாளாக இருந்தால் அதற்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். நான் ஸ்பூனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் சலேத் மாதா கோயிலில் பூசை முடிந்தும் அவர் வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். வழக்கமாகக் கொளுத்துகிற குட்டை மெழுகுதிரி இல்லை, முழங்கை உயரத்துக்கு ஒன்று. கொளுத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.

"மாதா கை குடுத்துட்டா ஃபெமி" என்றார் வெளியே வந்ததும்.

மாதாவோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவள் கொடுத்தாலும் கொடுத்திருப்பாள். ஆனால் மூக்குக்கு நேராக ஒரு சாமான் நாள் முழுக்க இறங்கி ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்க மறுத்துவிட்டு, வானத்தைப் பார்த்து நன்றி சொல்லுகிற மனிதரை என்ன செய்வது? போகட்டும், கை வந்தால் சரி என்று வாயை அடைத்துக்கொண்டேன். கை வருகிறது என்ற தைரியத்தில்தான் கோயம்புத்தூர்க் கூட்டத்தின் புக்கிங்கை எடுத்தேன். ஐ.டி. கம்பெனிக்காரர்கள்; தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை வரை முழு இறக்கம். அவரும் பழைய உற்சாகத்தோடு சரி என்றார். எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினேன். ஜீப் பெரும்பாறையில்தான் நிற்கும், சாப்பாடு நடுவழியில் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் ஹேண்டில்பாரில் கட்டினார்கள். வெள்ளனே கிளம்பிவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே போன் வந்தது. புக்கிங் செய்த ஜெயப்பிரியா என்கிற பெண். மரியாதையான பெண்தான்.

"மேம், உங்க கைடு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்து வர்றாரு. உடம்பு சரியில்லையான்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு. நாங்க முன்னாடி போயிரலாமா?"

போங்கள் என்றேன். பாதையில் வலதுபக்கம் சரிவு, அந்த ஓரமாக ஒட்டாமல் போங்கள் என்று அதையும் நானே சொன்னேன்.

சாயங்காலம் ஜீப் வந்தது. டெனிஸ் இறங்கி, காலைக் கழுவி, வந்து உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார். தாண்டிக்குடியைத் தாண்டித் தோட்டப் பாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே விரல்கள் போய்விட்டன. பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா, பிடிக்கவில்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. ஒரு வளைவில் பிடித்திருக்கிறோம் என்று நினைத்தார், பிடிக்கவில்லை. மண்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். அதற்கப்புறம் ஏறவில்லை. கூட்டிவந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப்போனார்கள், ஒருவன் போனில் படம் பிடித்துக்கொண்டே போனான். மிளகுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் பஞ்சரா அண்ணே என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாராம்.

நான் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன்.

"ஸ்பூன் எங்க?" என்றார்.

நான் எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். அதை இடது கையால் எடுத்துக்கொண்டார். "மாதா கையை விட்டுட்டா. நான் என்ன குறை வச்சேன்னு தெரியல. சைக்கிளைப் பழனிக்காரரையே எடுத்துக்கிடச் சொல்லிரு. இனிமே மாப்ள ஜீப்பு மட்டும் ஓடட்டும்."

இவ்வளவையும் குரல் உயராமல், ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்லுகிற மாதிரி சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வாசலுக்குப் போனேன். பென்சன் ஜீப்பின் பின்னாலிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தான். டெனிஸின் சைக்கிள் சுவரோரம் நின்றது. ஹேண்டில்பாரில் நெஞ்சை வைத்து அழுத்தினேன். அசையவில்லை.

"ஏலே. காத்தடிச்சியா?"

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, ஒளிக்காமல் சொன்னான். "முன்னாடி அம்புட்டு லோடு. நீ கட்டிக் குடுத்த சோறே எம்புட்டுக் கனம். அதுவும் இறக்கம். மச்சான் மேல எனக்கு அக்கறை இல்லையாக்கா?"

அறையலாம் என்று கை எழுந்தது. பாசத்தில் செய்த காரியத்தை எந்தக் கன்னத்தில் அறைவது? குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இந்தக் குரங்கு அந்தப் பூமாலையை என் புருஷன் கழுத்துக்கென்று ஆசையாகப் பிய்த்திருக்கிறது. காப்பாற்றவேண்டும் என்று ராத்திரியெல்லாம் நான் வேண்டிக்கொண்ட கையை, விடிந்ததும் ஒரு சாண் பம்பை வைத்து முடித்துவிட்டு, அக்கறை என்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்தைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளினேன். சைக்கிளையும் சேறோடு உருட்டிக்கொண்டு போய், டெனிஸ் தட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் சைக்கிளைச் சோற்றுக்குப் பக்கத்தில் நான் கொண்டுவந்தது அன்று ஒருநாள்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். இவன் முதலில் எவ்வளவு அடித்துவைத்திருந்தான் என்று, நான் எப்போது இறக்கவைத்தேன் என்று, இன்றைக்குக் காலையில் இவன் திரும்பவும் ஏற்றினான் என்று. பென்சன் ஜீப் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். டெனிஸ் ஸ்பூனைப் பிடித்தபடி, புரியாதவராகக் கேட்டார். நான் உட்கார்ந்து ஷாக்கின் மூடியைத் திருகி, நகத்தால் வால்வை அழுத்தினேன். புஸ்ஸென்று நீளமாகப் போனது. கொஞ்சம் விட்டேன், அழுத்திப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் விட்டேன்.

"இப்ப அமுக்குங்க" என்றேன்.

ஸ்பூனை வைத்துவிட்டு இடது கையால் ஹேண்டில்பாரை அழுத்தினார். இரண்டு விரற்கடை இறங்கியது. விட்டார், எழுந்தது. மறுபடி அழுத்தினார். ஷாக்கின் கம்பி உள்ளே போய் வெளியே வருவதை முதன்முதலாகக் குனிந்து பார்த்தார்.

"அப்ப அன்னைக்குச் சனிக்கிழமை..."

"ஆமா."

"நான் வச்ச மெழுகுதிரி?"

"அது மாதாவுக்குப் போய்ச் சேந்துருச்சு. அதைத் திருப்பிக் கேக்காதீங்க."

ஹேண்டில்பாரை இன்னொரு தடவை அழுத்தி விட்டார். அந்த முகத்தில் என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் வரலாம், அழுகை வரலாம், ஒரு வார்த்தை நன்றிகூட வரலாம் என்று நினைத்தேன். நான் பைத்தியக்காரி.

"யார்ட்டயும் சொல்லிராத" என்றார். "அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடிக்கிட்டு கெடக்கு."

கை போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனிதருக்குத் தன் பேச்சு போய்விடுமே என்று கவலை. எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு அருவருப்பாக இருந்தது. எதிரில் இருந்த சேற்றுச் சக்கரம் அவரைவிடச் சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. சைக்கிளை விட்டுவிடப் போகிறவருக்கு வீடியோவைப் பற்றி என்ன கவலை?

"சொல்லல" என்றேன். "ஊருல யார்ட்டயும் சொல்லல. நீங்க எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தா இவன் முன்னாடி சொல்லுங்க. இந்த ரெண்டு விரற்கடை வேணுமா, வேண்டாமா?"

பென்சன் தலையைத் தூக்கிப் பார்த்தான். என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். வேண்டும் என்ற சொல் அந்தத் தொண்டையை விட்டு வராது. வரவில்லை. ஸ்பூனை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டைவிட்டுத் தள்ளி, என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

வலது கையைச் சோற்றில் வைத்தார். மூன்று விரல் பிசைந்தது, இரண்டு விரல் கூடவே சும்மா போய்வந்தது. உருட்டி எடுத்தார். பாதி வாய்க்குப் போவதற்கு முன் மடியில் விழுந்தது. மறுபடி பிசைந்தார். மறுபடி விழுந்தது. குழம்பு மணிக்கட்டு வழியாக ஒழுகியது. ஸ்பூனை நான் அவர் பக்கம் நகர்த்தவில்லை, அவரும் கேட்கவில்லை.

"நாளைக்கு வெள்ளனே பண்ணைக்காடு வரைக்கும் ஓட்டிப் பாக்குறேன்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மாப்ளகிட்ட அந்தப் பம்பை வாங்கி நீ வச்சுக்க."

பென்சன் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான். அரிசி டிரம்மைத் திறந்து, அரிசிக்குள் முழங்கை வரை விட்டு ஆழத்தில் புதைத்து மூடினேன். திரும்பிப் பார்த்தபோது தரையெல்லாம், மடியெல்லாம், சக்கரத்தடியெல்லாம் சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. வேறு நாளாக இருந்தால் துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அவரே பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொறுக்கினார், அந்தக் கையாலேயே, ஒவ்வொன்றாக.